பழைய டர்ன்டேபிள் மோட்டார்: வயர் மாற்றுதலும் பழுதுநீக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களில் இருந்து 1970கள் வரை தயாரான டர்ன்டேபிள்களின், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் இயந்திரங்களின், மோட்டாரைத் திறந்து, வயர் மாற்றி, எண்ணெயிட்டு, மறுபடி ஓட வைக்க விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார்களைப் பற்றியே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். மல்டிமீட்டரைப் பிடிக்கவும் ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் ஓரளவு பழகியவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

சுவிட்சைப் போட்டும் தட்டு சுற்றவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ள வேண்டாம். நான் திறந்து பார்த்தவற்றில் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், உண்மையாகவே எரிந்துபோன மோட்டார்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றில் மோட்டார் நன்றாகவே இருந்தது. கோந்தாக இறுகிய எண்ணெயோ, பொடிந்துபோன வயரோ, செத்துப்போன கெபாசிட்டரோ அதை ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது. ஆகவே மோட்டாரை நிறுத்தியது எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. மாற்று மோட்டார் தேடுவது கடைசி வேலை.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, தட்டைக் கழற்றி, பெல்ட்டையோ ஐட்லர் சக்கரத்தையோ (மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் விளிம்புச் சக்கரம்) விலக்கி, மோட்டார் ஷாஃப்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். விரலை எடுத்தவுடன் நின்றுவிட்டால் எண்ணெய் உறைந்திருக்கிறது (அடுத்த கேள்வியில் வரும் சிங்க்ரனஸ் வகைக்கு இது பொருந்தாது). தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் சிறு சத்தம்கூட இல்லை என்றால், மின்சாரம் காயிலை எட்டவில்லை. சுவிட்ச், வயர், இணைப்புக் கட்டை, காயிலின் முனை என்ற வரிசையில் தேட வேண்டும். உறுமல் கேட்கிறது, ஷாஃப்ட் நகரவில்லை என்றால், ஷாஃப்டைத் தாங்கும் புஷ் இறுகியதோ, இரண்டாவது காயிலுக்குச் செல்லும் கெபாசிட்டரோ காரணமாக இருக்கலாம். சுற்றுகிறது, ஆனால் வலுவில்லை என்றால், வோல்டேஜ் இணைப்பு தவறாகத் தரப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

என்னுடையது எந்த வகை மோட்டார் என்று எப்படி அறிவது?

கார்ரார்ட் 301, 401 போன்ற ஐட்லர் வகை இயந்திரங்களில் இருப்பது ஷேடட் போல் வகை. ஸ்டேட்டரின் (காயிலைத் தாங்கி அசையாமல் நிற்கும் இரும்புப் பகுதி) ஒவ்வொரு துருவ முனையிலும் ஒரு பகுதியை மட்டும் சுற்றித் தடித்த செம்பு வளையம் பதிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான்கு துருவம் கொண்ட இத்தகைய மோட்டாரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது; நடுவில் சுழலும் பகுதியான ரோட்டார் அதைவிடச் சற்றுக் குறைவாகச் சுற்றும். ரோட்டாரில் நிரந்தரக் காந்தம் இல்லாததால் கையால் சுழற்றும்போது வழவழவென்று ஓடும்.

தோரன்ஸ் டிடி 150, டிடி 160 போன்ற பெல்ட் வகைகளில் இருப்பது சிறிய சிங்க்ரனஸ் மோட்டார். அதில் 16 துருவங்கள் உண்டு. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 375 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 450 சுற்று என்று மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு இம்மி பிசகாமல் பூட்டிக்கொண்டு ஓடும். ரோட்டாரில் காந்தம் இருப்பதால் ஷாஃப்டை விரலால் திருப்பும்போது படிப்படியாகத் தடுக்கி நகரும். இந்தத் தடுக்கலை எண்ணெய்க் கோளாறு என்று எண்ணிப் பிரித்துப் போடுபவர்கள் உண்டு. அது அந்த மோட்டாரின் இயல்பு.

திறப்பதற்கு முன் பாதுகாப்புக்காக என்ன செய்ய வேண்டும்?

சுவிட்சை அணைப்பது போதாது; பிளக் வெளியே இருக்க வேண்டும், அதுவும் உங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். சுவிட்சுக்குக் குறுக்கே கெபாசிட்டர் இருக்கும் இயந்திரங்களில், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். திறந்த நிலையில் ஓட்டிப் பார்க்க நேரும்போது, கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பிரேக்கர் உள்ள இணைப்பையே பயன்படுத்துங்கள். முதல் ஓட்டத்துக்குக் கட்டாயம் சீரிஸ் பல்பு வேண்டும். சாதாரண இழை பல்பு ஒன்றை, 40 அல்லது 60 வாட், லைன் வயரில் வரிசையாக இணைத்து, அதன் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு மங்கலாக எரிந்தால் நிலைமை நலம். முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, ஆனால் காயில் பிழைத்துக்கொண்டது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

பிரிக்கும்போது எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்?

ஒவ்வொரு திருகை அவிழ்ப்பதற்கு முன்னும் ஒரு படம் எடுங்கள். அத்தோடு காகிதத்திலும் வரைந்துகொள்ளுங்கள். பழைய வயர்களின் நிறம் வெளுத்து எல்லாமே பழுப்பாகிவிட்டிருப்பதால், எது சிவப்பு எது மஞ்சள் என்பது படத்தில் தெரியாது. ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய சிறு பட்டையை ஒட்டுவதே நம்பகமானது.

மேல் மூடி, ஸ்டேட்டர், கீழ் மூடி ஆகிய மூன்றின் மேலும் ஒரே நேர்கோட்டில் விழும்படி ஊசியால் ஒரு கீறல் போடுங்கள். தொடக்க காலத்தில் நான் இதைச் செய்யாமல் ஒரு ஷேடட் போல் மோட்டாரைப் பிரித்து, சுத்தம் செய்து, ஸ்டேட்டரைத் தலைகீழாக வைத்து மூடிவிட்டேன். மோட்டார் அருமையாக, ஓசையின்றி ஓடியது; எதிர்த்திசையில். இந்த வகையில் சுழலும் திசையை முடிவு செய்வது செம்பு வளையம் இருக்கும் பக்கம்தான்: வளையமில்லாத பகுதியிலிருந்து வளையமுள்ள பகுதியை நோக்கியே ரோட்டார் சுற்றும். வயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் திசை மாறாது; ஸ்டேட்டரைப் புரட்டி வைப்பது ஒன்றே வழி.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் இருக்கும் மெல்லிய வாஷர்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் எழுதிக்கொள்ளுங்கள். அடியில் சிறு எஃகு உருண்டை இருக்கலாம்; பழைய எண்ணெயில் ஒட்டிக்கொண்டு மூடியோடு வந்து, பிறகு மேசையில் உருண்டோடிவிடும். கீழே வெள்ளைத் துணி விரித்து வேலை செய்வது நல்லது.

வயர் உறை தொட்டால் உதிர்கிறது. எங்கிருந்து எதுவரை மாற்ற வேண்டும்?

ரப்பர் உறையிட்ட வயர்கள் வெப்பத்திலும் காற்றிலும் காய்ந்து, வளைத்தால் ரொட்டித் துகள் போல உதிரும். உதிரத் தொடங்கிய வயரின் மேல் டேப் சுற்றுவது பயனற்றது. டேப்பின் விளிம்பைத் தாண்டி அடுத்த வளைவில் உதிரும். சுவர் பிளக்கிலிருந்து சுவிட்ச் வரை, சுவிட்சிலிருந்து இணைப்புக் கட்டை வரை, கட்டையிலிருந்து காயில் வரை மூன்று பகுதிகளாக எண்ணி மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

முதல் இரண்டும் எளிது. உள்ளே 0.5 சதுர மி.மீ. பல இழை வயர் போதும். 15 வாட் அளவிலான மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே தடிமனைவிட உறையின் தன்மையே முக்கியம். மோட்டாரை ஒட்டிச் செல்லும் வயருக்கு சிலிக்கான் உறை நல்லது. வெப்பம் தாங்கும், மிக மென்மையாகவும் இருக்கும். இந்த மென்மைக்கு வேறொரு காரணமும் உண்டு. பல இயந்திரங்களில் மோட்டார், ஸ்பிரிங்கிலோ ரப்பரிலோ தொங்கிக்கொண்டிருக்கிறது; விறைப்பான வயரைப் போட்டால் மோட்டாரின் அதிர்வு அந்த வயர் வழியாகவே சட்டத்தில் ஏறி, ஸ்பீக்கரில் உறுமலாக வந்து சேரும். வயரைத் தளர்வான ஒரு வளைவு விட்டு இணையுங்கள்.

மூன்றாவது பகுதியில்தான் கவனம் வேண்டும். காயிலின் கம்பி வெளியே வரும் வயரோடு சேரும் இடம், மெழுகுக் காகிதத்துக்கோ துணிப் பட்டைக்கோ அடியில் புதைந்திருக்கும். பழைய வயர் காயிலுக்கு வெளியே ஒரு விரற்கடை நீளத்துக்கு உறுதியாக இருந்தால், அந்தப் புதைந்த இணைப்பைத் தொடாமல், அங்கேயே புதிய வயரைச் சேர்த்து வெப்பம் தாங்கும் கண்ணாடி இழை ஸ்லீவ் போட்டுவிடுவதே அறிவுடைமை. காயிலின் ஓரம்வரை உறை உதிர்ந்திருந்தால் மட்டும் பட்டையைத் திறங்கள்.

வெளி கேபிள் நுழையும் துளையில் ரப்பர் வளையமும், உள்ளே கேபிளைப் பிடிக்கும் கிளிப்பும் இருக்க வேண்டும். கேபிளில் முடிச்சுப் போட்டு நிறுத்துவது முன்பு வழக்கத்தில் இருந்தது. இப்போது அதற்கு நியாயமில்லை.

மல்டிமீட்டரில் காயில் ஓப்பன் என்று காட்டுகிறது. ரீவைண்டிங் (காயிலைப் புதுக் கம்பியால் மறுபடி சுற்றுதல்) செய்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. காயிலின் நடுவில் கம்பி அறுவது அரிது. தொடக்க முனையிலோ கடைசி முனையிலோ, ஈயம் வைத்த இடத்தை ஒட்டித்தான் அறுந்திருக்கும். பற்றவைக்கும்போது அந்தக் காலத்தில் பயன்படுத்திய அமிலத்தன்மையுள்ள பசை, பல ஆண்டுகளில் கம்பியை மெல்லத் தின்றுவிடுகிறது.

காயிலை நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக்கு அடியில் வையுங்கள். வார்னிஷ் ஏறிப் பழுப்பேறிய காகிதப் பட்டையின் ஓரத்தை, ஹேர் டிரையரால் சற்றுச் சூடாக்கி, மழுங்கிய கத்தி முனையால் ஒரு இழை அளவு மட்டும் தூக்குங்கள். அடியில் தடித்த வயரின் முனையும் அதில் ஈயக் குமிழும் தெரியும்; குமிழைச் சுற்றிப் பச்சையோ கருப்போ பூத்திருந்தால் தேடியது அதுதான். முடியைப் போன்ற காயில் கம்பி அந்தக் குமிழுக்கு அருகிலேயே துண்டாகி, நுனி சுருண்டு கிடக்கும். அந்த நுனியை இழுக்காதீர்கள். மென்மையான தூரிகையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நுனியில் 3 மி.மீ. நீளத்துக்கு மட்டும் எனாமலை நீக்குங்கள். இக்காலத்துக் கம்பிகளில் சில வகைகளுக்குச் சூட்டுக்கோலின் சூட்டிலேயே எனாமல் உருகி விலகும். பழைய எனாமல் அப்படி விலகாது, பிளேடின் விளிம்பால் சுற்றிலும் மெதுவாகச் சுரண்ட வேண்டும். பிறகு ஈயம் பூசி, மெல்லிய புதுக் கம்பி ஒன்றை இடையில் சேர்த்து நீட்டி, அதன் மறுமுனையைத் தடித்த வயரில் பற்றவையுங்கள். காயில் கம்பியின் மேல் இழுவை விழாதபடி தடித்த வயரைக் காயிலோடு சேர்த்துக் கட்டிய பிறகே பட்டையை மூட வேண்டும்.

இரண்டு காயில் உள்ள மோட்டாரில் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கலாம். ஒரே அளவில் சுற்றப்பட்ட இரண்டில் ஒன்று 200 ஓம் காட்டினால் மற்றதும் ஏறக்குறைய அதே அளவுதான் காட்ட வேண்டும். 150 காட்டினால் உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகியிருக்கின்றன, அதற்கு ரீவைண்டிங் ஒன்றே மருந்து.

காயிலுக்கும் இரும்புக் கூட்டுக்கும் இடையிலான காப்பையும் அளக்க வேண்டும். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளப்பதால் அதன் சொல்லை நம்ப முடியாது. உயர் வோல்டேஜில் காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகரால் அளக்கும்போது 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது. ஈரம் ஏறிய காயில் என்றால் மிதமான சூட்டில் ஓரிரு நாள் உலர்த்தியபின் எண் ஏறுவதைப் பார்க்கலாம்.

ரீவைண்டிங் தவிர்க்க முடியாவிட்டால்?

பழைய காயிலை அறுத்தெறிய வேண்டாம். சுற்றுகளை எண்ணியபடியே பிரியுங்கள். எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்பதைப் படம் வரையுங்கள். எனாமல் நீக்கிய கம்பியின் குறுக்களவை மைக்ரோமீட்டரில் மூன்று நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். பெரிய மோட்டார் கட்டுகிறவர்கள் இவ்வளவு மெல்லிய கம்பியை விரும்புவதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவர்களிடம் அதற்கான கருவியும் கைப்பழக்கமும் இருக்கும். ஒரு காயில் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் ஒருசேரச் சுற்றிவிடுவது நல்லது. இரண்டின் காந்த வலுவும் சமமாக இல்லாவிட்டால் ரோட்டார் ஒரு பக்கம் அதிகமாக இழுபட்டு அதிரும்.

என் இயந்திரத்தில் 110, 220 என்று இரண்டு இணைப்பு முறைகள் உள்ளன. எதை எப்படித் தேர்வது?

இந்த மோட்டார்களில் 110 வோல்ட் அளவில் இரண்டு காயில்கள் இருக்கும். குறைந்த வோல்டேஜ் நாடுகளுக்கு இரண்டையும் பக்கவாட்டில், அதாவது பேரலலில் இணைப்பார்கள். 220 முதல் 240 வோல்ட் வரையுள்ள நாடுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில் இணைப்பார்கள். இணைப்புக் கட்டையில் சிறு உலோகப் பட்டைகளின் இடத்தை மாற்றுவதன் மூலம் இது நடக்கும். எங்கிருந்தோ வாங்கி வந்த இயந்திரத்தின் பிளக்கைப் பார்த்து அதன் வோல்டேஜை முடிவு செய்யக் கூடாது, பிளக்கை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். கட்டையைத் திறந்து பட்டைகளைக் கண்ணால் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். பேரலலில் இருக்கும் 110 வோல்ட் காயில்களுக்கு 230 வோல்ட் கொடுத்தால் சில நிமிடங்களில் புகை வரும். சீரிஸில் இருப்பதற்கு 110 கொடுத்தால் கேடில்லை; வலுவில்லாமல் ஓடும்.

கட்டை உடைந்து, நான்கு வயர்கள் மட்டும் அடையாளமின்றி நீட்டிக்கொண்டிருந்தால், எந்த இரண்டு ஒரு காயில் என்பதை மல்டிமீட்டர் சொல்லிவிடும். எது தொடக்கம், எது முடிவு என்பதைச் சொல்லாது. சீரிஸில் சேர்க்கும்போது ஒரு காயில் தலைகீழாகிவிட்டால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று எதிர்த்து, மோட்டார் உறுமும், சூடேறும், சுற்றாது. சீரிஸ் பல்பு வழியாக ஒரு முறையும், ஒரு காயிலின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றி இன்னொரு முறையும் சில வினாடிகள் கொடுத்துப் பாருங்கள். பல்பு மங்கலாகவும் ஷாஃப்ட் உறுதியாகவும் சுற்றும் இணைப்பே சரி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

சுவிட்சுக்குக் குறுக்கே இருக்கும் சிறிய கெபாசிட்டர் எதற்கு? அதை எடுத்துவிடலாமா?

சுவிட்சை அணைக்கும் கணத்தில் காயிலில் தேங்கிய சக்தி, விலகும் தகடுகளுக்கு நடுவே பொறியாகப் பாய்கிறது. அந்தப் பொறி தகடுகளைத் தின்பதோடு ஸ்பீக்கரில் ‘டப்’ என்ற ஒலியாகவும் வரும். கெபாசிட்டர் அந்தச் சக்தியை ஏற்றுக்கொண்டு பொறியை அடக்குகிறது. எடுத்துவிட்டால் மோட்டார் ஓடும், ஆனால் சுவிட்ச் கெடும்.

பழைய காகித கெபாசிட்டர்கள் ஈரத்தை உறிஞ்சி, வெடித்து அல்லது ஷார்ட் ஆகியிருக்கும். ஷார்ட் ஆனால் சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், பழையதைக் கண்டால் மாற்றிவிடுங்கள். மதிப்பு 0.01 முதல் 0.047 மைக்ரோஃபாரட் வரை பொதுவாக இருக்கும். பழையதில் எழுதியிருக்கும் மதிப்பையே பின்பற்றுங்கள். போட வேண்டியது எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கவென்றே செய்த பாதுகாப்பு வகை), 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டது. 400 வோல்ட் டிசி என்று எழுதிய சாதாரண கெபாசிட்டர் தாராளமாகப் போதும் என்று தோன்றலாம். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட் என்பதால் கணக்கில் அது சரிதான்; ஆனால் மின்தடத்தில் அவ்வப்போது எழும் திடீர் அலைகளையும் ஓயாத ஏசியையும் தாங்கும்படி அது செய்யப்படவில்லை. கூடவே 47 முதல் 100 ஓம் வரையுள்ள ரெசிஸ்டரை வரிசையாகச் சேர்த்தால் தகடுகளின் ஆயுள் இன்னும் கூடும்.

லைனுக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே ஒரு கெபாசிட்டர் இருக்கக் கண்டால், அது வேறு விஷயம். அது ஷார்ட் ஆனால் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறும். அங்கே ஒய் வகை (லைனுக்கும் எர்த்துக்கும் இடையே போடவென்றே செய்த பாதுகாப்பு வகை) மட்டுமே போட வேண்டும். எர்த் சரியாகக் கொடுத்தபின் பெரும்பாலும் அதை நீக்கிவிடலாம்.

சிங்க்ரனஸ் மோட்டார் சில நேரம் பின்னோக்கிச் சுற்றத் தொடங்குகிறது. ஏன்?

இந்த மோட்டாரில் ஒரு காயிலுக்கு மின்சாரம் நேரடியாகவும், மற்றொன்றுக்கு கெபாசிட்டர் வழியாகச் சற்றே முந்தியும் செல்கிறது. இந்த முன்பின் வேறுபாடுதான் சுழலும் திசையைத் தருகிறது. கெபாசிட்டர் வலுவிழந்தால் ரோட்டாருக்கு இரு திசையும் ஒன்றாகிவிடும். எந்தப் பக்கம் முதல் உந்தல் கிடைத்ததோ அந்தப் பக்கம் ஓடும், அல்லது நின்ற இடத்திலேயே நடுங்கும். அதே மதிப்பும், குறையாத ஏசி வோல்டேஜ் தாங்குதிறனும் கொண்ட ஃபிலிம் கெபாசிட்டரால் மாற்றினால் சரியாகும். இரண்டாவது காயிலில் எழும் வோல்டேஜ் உள்ளே கொடுத்ததைவிட அதிகமாக இருக்கும் என்பதால், தாங்குதிறனில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எண்ணெய் எது, எப்படிப் போடுவது?

என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு வேலைதான் மோட்டாரின் ஓசையையும் ஆயுளையும் மாற்றுகிறது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ், வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் அதன் பருமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகள். அந்தத் துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய், ஷாஃப்ட் சுற்றிச் சூடாகும்போது வெளியே வந்து படலமாகப் படிகிறது. நின்று ஆறியதும் உள்ளே திரும்புகிறது. பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தால் அந்த எண்ணெய் துளைக்குள்ளேயே பிசினாகிவிடும். மேலே ஒரு சொட்டு விட்டு ஓட்டினால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். பிறகு பழைய கதைதான்.

ஆகவே முதலில் பழைய பிசினை வெளியேற்ற வேண்டும். புஷ்ஷை மூடியோடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழுப்பு நிறம் இறங்க இறங்கத் திரவத்தை மாற்றுங்கள்; திரவம் தெளிவாக நிற்கும்வரை விடாதீர்கள். தீப்பற்றும் பொருள் என்பதால் நெருப்பும் சூட்டுக்கோலும் அருகில் வேண்டாம். புஷ்ஷைச் சுற்றியிருக்கும் கம்பளி வளையத்தையும் அலசி உலர்த்துங்கள். அதுதான் எண்ணெய்த் தொட்டி.

நன்றாக உலர்ந்தபின் எண்ணெய் ஏற்ற வேண்டும். கழற்ற முடிந்த சிறு புஷ் என்றால் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சுக்குள் அதைப் போட்டு, எண்ணெய் நிரப்பி, காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னுக்கு இழுங்கள். வெண்கலத்தின் மேல் பனித்துளி போலப் பொடிப்பொடியாகக் குமிழ்கள் முளைத்து மேலே ஏறும். தண்டை விட்டால் குமிழ் போன இடத்தில் எண்ணெய் நுழைகிறது. குமிழ் வருவது நிற்கும்வரை பத்துப் பதினைந்து முறை இதைச் செய்யுங்கள். மூடியோடு பதிந்த புஷ் என்றால், சுமார் 80 டிகிரி சூடுள்ள எண்ணெயில் முழுக மூழ்கவைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். ஆறும்போது எண்ணெய் உள்ளே இழுபடும்.

எண்ணெயின் தரம் எஸ்ஏஇ 20, டிடர்ஜென்ட் சேர்க்காத டர்பைன் வகை. வாகன எஞ்சின் எண்ணெயில் அழுக்கைக் கரைத்து மிதக்க வைக்கும் பொருள் கலந்திருக்கும். வடிகட்டி இல்லாத இந்தச் சிறு புஷ்ஷில் அந்த அழுக்கு துளைகளை அடைக்கும். தையல் இயந்திர எண்ணெய் மெலிந்தது, விரைவில் வற்றிவிடும். துருநீக்கும் ஸ்பிரேயும் சமையல் எண்ணெயும் கூடவே கூடாது. கிரீஸும் வேண்டாம், அது துளைகளின் வாயை மூடிவிடும்.

ஷாஃப்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். உலோகப் பாலிஷ் தொட்ட மென்துணியால் துடைத்து, பாலிஷின் சுவடே இல்லாமல் கழுவுங்கள். அடியில் ஷாஃப்டைத் தாங்கும் தட்டில் குழி விழுந்திருந்தால் அதைப் புரட்டிப் போடலாம்.

மூடிய பிறகு ஷாஃப்ட் இறுகிவிடுகிறது. என்ன தவறு?

இரண்டு புஷ்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. பல மோட்டார்களில் புஷ் கோள வடிவில் இருந்து, ஸ்பிரிங் தகட்டின் பிடியில் தானே திரும்பி நேராகும்படி அமைந்திருக்கும். பல ஆண்டு அசையாமல் கிடந்ததால் அது ஒட்டிக்கொண்டிருக்கும். திருகுகளைக் குறுக்குக்குறுக்காக, ஒவ்வொரு முறையும் கால் திருப்பு மட்டும் இறுக்கி, ஒவ்வொரு இறுக்கத்துக்குப் பின்னும் ஷாஃப்டை விரலால் சுழற்றுங்கள். எங்கே கனக்கத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்தி, திருப்புளியின் மரப்பிடியால் கூட்டைச் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். ஒரு தட்டில் திடீரென்று விடுபடும். மேலும் கீழும் மயிரிழை அளவு ஷாஃப்ட் அசைய வேண்டும்.

ஷேடட் போல் மோட்டார் என்றால், வேகமெடுத்தபின் மின்சாரத்தை நிறுத்தி, ஷாஃப்ட் நிற்க எத்தனை வினாடி ஆகிறது என்று பிரிப்பதற்கு முன்னும் பின்னும் குறித்துவையுங்கள். நல்ல வேலை நடந்திருந்தால் அந்த எண் பல மடங்காகும். சில மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி அளந்தால் இன்னும் கூடியிருக்கும்.

மோட்டார் சூடாகிறது. எவ்வளவு சூடு இயல்பு?

ஷேடட் போல் வகை, இயல்பிலேயே சூடாகும். ஒரு மணி நேரம் ஓடியபின் கூட்டின் மேல் கையை வைத்து, வலியில்லாமல் பத்து வினாடி வைத்திருக்க முடிந்தால் கவலை வேண்டாம். துல்லியம் விரும்புகிறவர்கள் காயிலையே வெப்பமானியாக்கலாம்: குளிர்ந்த நிலையில் ஓம் அளந்து, ஓட்டியபின் பிளக்கைப் பிடுங்கி உடனே மறுபடி அளந்தால், செம்பின் தடை 10 விழுக்காடு ஏறியது என்பதற்குச் சூடு சுமார் 25 டிகிரி ஏறியது என்று பொருள். பருத்தியும் காகிதமும் வார்னிஷும் சேர்ந்த பழைய காப்புக்கு 105 டிகிரி எல்லை. அதற்கு வெகு கீழே நிற்க வேண்டும்.

எர்த் கொடுத்தபின் ஸ்பீக்கரில் உறுமல் வருகிறது. எர்த்தை எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது. இரண்டு கம்பி கேபிளோடு வந்த உலோகச் சட்ட இயந்திரத்துக்கு மூன்று கம்பி கேபிள் போட்டு, மோட்டார் கூட்டையும் சட்டத்தையும் எர்த்தில் சேர்ப்பது உயிரைக் காக்கும் வேலை. உறுமலுக்குக் காரணம், எர்த் இரண்டு வழிகளில் ஆம்ப்ளிஃபயரை அடைந்து வளையமாவதுதான். மின்சார எர்த் மோட்டாருக்கும் சட்டத்துக்கும் மட்டும் போகட்டும். டோன் ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) எர்த்தைச் சட்டத்திலிருந்து பிரித்துத் தனி வயராக ஃபோனோ ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜின் நான்கு வயர்களில் எதுவும் சட்டத்தைத் தொடவில்லை என்பதை மீட்டரால் உறுதி செய்யுங்கள். சில கார்ட்ரிட்ஜ்களில் வலப்பக்க எர்த் முனையை அதன் உலோக உடலோடு சேர்க்கும் சிறு தகடு உண்டு, குற்றவாளி பல முறை அதுவே. மோட்டார் வயரும் சிக்னல் வயரும் ஒன்றாகக் கட்டப்படாமல், சந்திக்க நேரும் இடத்தில் குறுக்காகக் கடக்க வேண்டும்.

வேகம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

கருவி இல்லாதவர்கள் தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, நிமிடத்துக்கு 33⅓ வேகத்தில் 100 சுற்றுகளை எண்ணுங்கள். சரியாக 3 நிமிடம் ஆக வேண்டும். 1.8 வினாடி பிசகினால் 1 விழுக்காடு பிழை. வேகம் பார்க்கக் கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் தட்டில் 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடுகளும் 60 ஹெர்ட்ஸுக்கு 216 கோடுகளும் இருக்கும்; மின்சாரத்தோடு சேர்ந்து மினுக்கும் இழை பல்பு, நியான் விளக்கின் ஒளியில் கோடுகள் நின்றாற்போல் தெரிய வேண்டும். 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு ஒரு கோடு நகர்ந்தால் அது 1 விழுக்காடு. சீராக ஒளிரும் எல்இடி வெளிச்சத்தில் கோடுகள் தெரியாது. சுருதி அரைப்படி மாற ஏறக்குறைய 6 விழுக்காடு பிழை வேண்டும் என்பதால் 1 விழுக்காட்டைப் பலர் உணர மாட்டார்கள். வேகம் ஏறி இறங்கி அலைவதைத்தான் காது உடனே கண்டுபிடிக்கும்.

60 ஹெர்ட்ஸ் நாட்டு இயந்திரம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 33⅓ என்பது சுமார் 27.8 ஆகும். வோல்டேஜை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இதைத் திருத்தாது. 50 ஹெர்ட்ஸுக்கு உரிய புல்லியை (மோட்டார் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிறு உருளை) போட வேண்டும். கார்ரார்ட் 301, தோரன்ஸ் டிடி 124 ஆகியவற்றில் காந்தத்தால் இழுத்துப் பிடிக்கும் நுண்வேகத் திருகு உண்டு. சில விழுக்காடு பிழையை மட்டுமே அது சமாளிக்கும்.

மோட்டார் தனியாக ஓடும்போது நன்றாக இருந்து, தட்டை வைத்ததும் வேகம் குறைந்தால், தட்டின் நடு பேரிங்கையும் ஐட்லர் ரப்பரையும் பாருங்கள். ஐட்லரைப் புல்லியோடு அழுத்திய நிலையில் மாதக்கணக்கில் விட்டிருந்தால் ரப்பரில் பள்ளம் விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக் டொக்’ என்று கேட்கும். அதற்கு மோட்டாரில் மருந்தில்லை.

டைரக்ட் டிரைவ் இயந்திரங்களுக்கும் இதே முறைதானா?

இல்லை. 1970இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்பி-10 முதலாக அந்த வகையில் மோட்டாரே தட்டின் அச்சு. வேகத்தை எலக்ட்ரானிக் சர்க்யூட் ஆள்கிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை வற்றிப்போன எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களும், விரிசல் விட்ட ஈய இணைப்புகளும், துரு ஏறிய வேகத் திருகுகளும்தான். காயிலைச் சர்க்யூட் படம் இல்லாமல் தொடாதீர்கள்.

வேலை முடிந்த மோட்டாருக்கு மறுபடி எப்போது எண்ணெய் விட வேண்டும்?

வாரத்தில் சில மணி நேரம் ஓடும் இயந்திரத்துக்கு ஆண்டுக்கொரு முறை, மேல் கம்பளி வளையத்தில் இரண்டு சொட்டு, கீழ்ப்பக்கம் எட்டினால் அங்கே ஒரு சொட்டு. வழிந்தால் புல்லியிலும் ஐட்லரிலும் ஏறி வழுக்கத் தொடங்கும். ஆகவே விட்டதும் புல்லியை ஆல்கஹால் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். ஓட்டாமலே வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூடிக்குள் ஒரு சிறு தாளில் வயர் எண்கள், காயில்களின் ஓம், எண்ணெயின் பெயர், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டிவையுங்கள். இருபது ஆண்டு கழித்துத் திறப்பவர் வேறு ஒருவராகவும் இருக்கலாம்.